அண்ணன் தம்பி கடை

ஏப்ரல் 3 – 1,500
மே 4 – 1,500
ஜூன் 3 – 1,500
ஜூலை 5 – 2,000

முடிதிருத்தும் கடைத் தம்பி, வெளியூரில் நோயாளிகள் விடுதியில் இருந்த அண்ணனுக்கு அனுப்பிய பணம் இது. பணம் மாதம் தவறாமல் போனது. தம்பி ஒருமுறைகூடப் போகவில்லை.

இருபத்தோரு வருஷம் இருவரும் தோளோடு தோள் உரச நின்று வேலை பார்த்தவர்கள். கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தும் தெருவில் எல்லாருக்கும் அது 'அண்ணன் தம்பி கடை'தான். அண்ணனுக்கு எச்.ஐ.வி. என்று பரிசோதனையில் தெரிந்தது. அடுத்த வாரமே அது எப்படியோ தெருவுக்கும் தெரிந்துவிட்டது.

"என்னப்பா, ஈ ஓட்டுறியா? அதுக்கும் சேர்த்து முடி வெட்டி விடு" என்றார் எதிர்க்கடை டெய்லர். அவரும் வாசல்படி தாண்டி உள்ளே வரவில்லை.

ஆளுக்கு ஒரு புது பிளேடு போடுகிற கடை அது. அதைச் சொல்லத் தம்பிக்கு வாய் வரவில்லை. "கொஞ்ச நாள் வெளியூர்ல இருந்துட்டு வாண்ணா" என்றார். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. அண்ணன் பழையபடி தொழில் பார்க்கலாம், யாருக்கும் பயமில்லை என்று ஆகஸ்டில் மருத்துவர் போனில் சொன்னார். தம்பி கூட்டிவரப் புறப்பட்டார். அண்ணன் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கட்டும் என்று புதிதாக ஒரு செட் முடிவெட்டும் சாமானும் வாங்கிக்கொண்டார்.

விடுதி வராந்தாவில் அண்ணனை உட்காரவைத்து முடி வெட்டி, சவரம் செய்தார்.

"என்னடா, நேத்து வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி இவ்வளவு நேரம் எடுத்துக்கிற?" என்று அண்ணன் சிரித்தார். தம்பியும் சிரித்தார்.

முடிந்ததும் சீப்பு, பிரஷ், துண்டு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் தம்பி ஒரு பையில் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். யோசித்துச் செய்ததல்ல. கை தானாகச் செய்தது.

"கத்தரி புதுசாடா?"

"ஆமாண்ணா."

"நான் கடைக்கு வந்தா தினம் எத்தனை கத்தரி தூக்கிப் போடுவ?"

"அப்படியெல்லாம் இல்லண்ணா..."

"ஊருக்குப் பயந்துதான் நீ என்னை அனுப்பினேன்னு இத்தனை நாள் நினைச்சுட்டிருந்தேன். அது எனக்குப் பெருசா வலிக்கல."

தம்பி தனியாகத்தான் பஸ் ஏறினார்.

மன்னிப்புக் கேட்டு அவர் மூன்று கடிதம் எழுதினார். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் வந்தது. விடுதியிலேயே எல்லாருக்கும் முடி வெட்டுகிறேன், இனி வரமாட்டேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று அண்ணன் எழுதியிருந்தார். அண்ணனின் அந்த ஒரே கடிதம் வந்தது அக்டோபர் 19, திங்கட்கிழமை.