சீட்டு என்று நான் நினைத்த ஓய்வூதியம்

புலம்பெயர்ந்து வந்த ஹ்விடோவ்ரே நகரில் நானும் என்னிலும் இளைய நண்பன் ஒருவனும் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தரம்பிரிக்கும் வேலையில் இருந்தோம். எங்கள் முதுமைக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே பிடித்துவைத்தார்கள். அதை நான் ஒருநாளும் நம்பவில்லை. ஊரில் சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனதைக் கண்டவன் நான். இங்கே சீட்டுக்காரனின் முகம்கூடத் தெரியவில்லை.

கடிதங்கள் குறைந்து இருவருக்கும் வேலை போனபோது ஒரு படிவம் வந்தது. பணத்தை ஓய்வு வயதுவரை விட்டுவைக்கலாம், அல்லது பெரும்பகுதியை வரியாகக் கொடுத்துவிட்டு உடனே எடுக்கலாம். நான் படித்தவன் என்று நண்பன் என்னிடம் வந்தான்.

"அண்ணை, என்ன செய்யிறது?"

"சீட்டுக்காரன் ஓட முதல் எடுத்துப்போடு."

"நீங்களும் எடுக்கிறியளோ?"

"ஓம், ஓம்."

அவன் எடுத்தான். நான் எடுக்கவில்லை. இவ்வளவு இலகுவாகக் கையெழுத்துக் கேட்கிறார்களே என்று அந்தப் படிவத்தின் மீதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை.

இன்று எனக்கு ஓய்வூதியம் தவறாமல் வருகிறது. அரசு தரும் முதியோர் பணம் போதாமல், அவன் இன்னும் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறான். போன கிழமை ரயிலில் என்னருகே வந்து அமர்ந்தான்.

"நல்ல வேளை அண்ணை, நாங்கள் அண்டைக்கே எடுத்திட்டம், என்ன?"

அது குத்தலா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"நான் எடுக்கேல்லை," என்றேன்.

"தெரியும். அண்ணி எப்பவோ சொல்லிப்போட்டா. நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."