சங்கிலியில் குத்திய ஊக்கு

போன மாதம் ஒரு காலை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில் கண்ணசந்துவிட்டேன்... விழித்தபோது என் கழுத்தில் ஒரு கை!

யாருடையது என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

அன்று என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன். கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு மருத்துவமனை. மகள் முதல் நாளே போய் அவரோடு தங்கிவிட்டாள். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் எங்கள் வீடு; அங்கிருந்து நான் தனியாகப் போகவேண்டும். கிளம்பும்போது மகள் போனில் கூப்பிட்டாள்.

"தாலிச் சங்கிலியக் கழட்டி அலமாரில வச்சிட்டு வாங்கம்மா. ஊரு கெட்டுக் கிடக்கு லா."

"உங்கப்பா மேல கத்தி வைக்கிற அன்னிக்கா கழட்டச் சொல்றே? வாயக் கழுவுடி!"

கழற்றவும் பயம்... போட்டுக்கொண்டு போகவும் பயம். என்ன செய்வேன்? எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். சங்கிலியை உள்ளே தள்ளி, ரவிக்கையோடு சேர்த்து ஊக்குக் குத்தினேன். மனது கேட்கவில்லை — இன்னும் இரண்டு குத்தினேன்.

இராத்திரி முழுக்கத் தூங்காதவள். ரயில் ஆட்டத்தில் ஊக்கு மூன்றும் கழன்றதும் தெரியவில்லை, சங்கிலி வெளியே வந்ததும் தெரியவில்லை.

இப்போது அந்தக் கை.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். அன்று குரல் எங்கிருந்துதான் வந்ததோ! அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என் தாலி! திருடி!" என்று கத்திவிட்டேன். பெட்டியே திரும்பியது.

நாற்பது வயதிருக்கும். தலையில் முக்காடு. மலாய்க்காரப் பெண் என்று நினைத்தேன். அவள் தமிழில் பேசினாள்.

"கத்தாதீங்க ஆன்டி! சங்கிலி வெளிய தொங்குச்சு, உள்ள தள்ளிவிட்டேன். அந்தக் கதவுகிட்ட பாருங்க... ஐயோ, இப்பப் பாக்காதீங்க!"

பார்த்துவிட்டேன். பெண்கள் பெட்டியில் இரண்டு ஆண்கள். ஒருவன் கையில் ஹெல்மெட். இருவரும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

யாரை நம்புவது? அவர்களும் இவளும் ஒரே கும்பலாக இருந்தால்? 'பூக்காவ்' என்று வாட்ஸ்அப்பில் வருமே — தோளைத் தொட்டாலே மயக்கி, நாமே நகையைக் கழற்றிக் கொடுக்கும்படி செய்துவிடுவார்களாம். எனக்கு வந்ததை நானே பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் கண்ணைப் பார்க்காமல் என் தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். வலித்தது. அப்பாடா!

கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினேன். அந்த ஆண்களும் இறங்கினார்கள். அவளும் இறங்கினாள்! எங்கே போகிறேன் என்று கேட்டாள்; மருத்துவமனைக்கு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"மஸ்ஜித் இந்தியா தெருவுல துணிக்கடையில வேலை செய்றேன் ஆன்டி. வாங்க, கொண்டுபோய் விடுறேன்." போனை எடுத்தாள். "பாஸ், இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாகும் லா."

எந்த பாஸ்? திருட்டுக் கும்பலுக்கும் பாஸ் இருப்பானே!

பையிலிருந்து ஒரு நீல ஷாலை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினாள். தன் முக்காட்டிலிருந்த ஊசியைக் கழற்றி, என் தோள் பக்கம் ஷாலில் குத்தினாள்.

"துணியில குத்துங்க ஆன்டி. சங்கிலியில குத்தினா, இழுக்கிறவன் சங்கிலியோட உங்களையும் இழுத்துட்டுப் போவான்."

எனக்குப் பக்கத்து வீட்டு சரோஜா ஞாபகம் வந்தது. காய்கறி வாங்கப் போன பாசார் வாசலில், மோட்டார் சைக்கிளில் வந்தவன் அவள் சங்கிலியை இழுத்தான். ஊக்கு விடவில்லை. தாரில் தேய்ந்துகொண்டே போனாள். இன்றுவரை அவளுக்குக் கை மடங்காது. அது தெரிந்தும்தானே நான் மூன்று குத்தினேன்?

தனியாகப் போக அதைவிடப் பயம்; அவளோடு நடந்தேன். பின்னால் மோட்டார் சத்தம்... நெருங்கியது... வேகம் குறைந்தது. அவள் என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சாலைப் பக்கம் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை வியர்த்து ஈரமாக இருந்தது. அட, இவளுக்கும் பயம்!

மோட்டாரில் வந்தது சாப்பாடு கொண்டுபோகிற பையன். கடை எண்ணைத் தேடிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான்.

மருத்துவமனை வாசலில் என்னை விட்டதும், "லேட்டாயிடுச்சு, வரேன் ஆன்டி" என்று வந்த வழியே ஓடினாள். நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நன்றி சொன்னேனா? பெயர் கேட்டேனா? ஷாலுக்குள் கையை விட்டுச் சங்கிலியைத் தடவிப் பார்த்தேன். இருந்தது. நிமிர்ந்தபோது அவள் இல்லை.

மஸ்ஜித் இந்தியாவுக்குப் போகிறவள் அதே ரயிலில் இன்னும் தள்ளிப்போய் இறங்கவேண்டும் என்று பிறகுதான் மகள் சொன்னாள்.

வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். உப்பில்லாத கஞ்சிக்கு என்னைத் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார். எனக்குப் பயம் மட்டும் போகவில்லை. இந்த ஊரில் நல்லவர்களும் கெட்டவர்களும் ஒரே மாதிரித்தான் வருகிறார்கள் — பின்னாலிருந்து, மெதுவாக, 'ஆன்டி' என்று கூப்பிட்டுக்கொண்டு. எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரியவில்லை.

நீல ஷாலைத் துவைத்து, இஸ்திரி போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் அதே ரயில், அதே பெட்டி. முக்காடு போட்ட ஒவ்வொருத்தியின் முகத்தையும் எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

நேற்று ஒருத்தி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் பக்கத்திலிருந்து எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.