மூச்சு விடாத மூச்சுக்குழாய்

மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை காலை, ஆறு மணிக்குச் சற்றுப் பிந்தி, மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கினேன். கிளிநொச்சியில் ஏறி, வவுனியாவில் பஸ் மாறி, இரவு முழுவதும் மூடாத யன்னலோரம் இருந்து வந்ததில் இடது தோள் ஊறிப்போயிருந்தது. வாவியின் அழகையும் மீன் பாடுகிற கதையையும் எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். மூன்று நாளும் நான் வாவியை எரிச்சலோடுதான் பார்த்தேன்.

என் தங்கை சுபா படுவான்கரையில் வாழ்க்கைப்பட்டவள். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஊரின் பெயரை எழுதமாட்டேன். அந்த ஊர்க்காரரின் முகத்தில் அவள் இன்னும் விழிக்கவேண்டும்.

அவள் கணவர் ராசனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வந்து இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கவேண்டும். வீதியில் வெள்ளம் ஏறியதால் போன முறை வரமுடியவில்லை. அடுத்த முறை வியாழக்கிழமை காலை. நீரோட்டம் கடுமை என்று தோணிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். ஊரிலிருந்த ஒரே உழவு இயந்திரமும் நடுத்தண்ணீரில் நின்றுபோய் அங்கேயே கிடந்தது. "அவர் இப்ப இருந்துகொண்டுதான் நித்திரை கொள்ளுறார் அக்கா. படுத்தா மூச்சு வருகுதில்லை" என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

என்னை அழைத்ததற்குக் காரணம் இருந்தது. கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் பல வருடம் வண்டி ஓட்டியவள் நான். வன்னியில் பாலமில்லாத ஆறுகளைக் கடந்து பழக்கம். தங்கையின் ஊர்க் கோயிலுக்கு ஒரு கெப் வண்டி இருக்கிறது, நாலு சில்லும் இழுக்கிற வண்டி. அது வெள்ளத்துக்குள்ளும் ஓடுவதற்காகச் சுவிஸிலிருந்து ஒருவர் மூச்சுக்குழாய் அனுப்பியிருந்தார். அதைப் பூட்டுவதற்காக வண்டி காத்தான்குடிக்குப் போன இடைவெளியில் வெள்ளம் ஏறிவிட்டது. வண்டி இக்கரையில், நோயாளி அக்கரையில். கோயில் சாரதி தவம் தண்ணீருக்குள் விடமாட்டேன் என்று ஒரே பிடி.

தவம் பஸ் நிலையத்துக்கு வண்டியோடு வந்து நின்றான். முப்பது வயதிருக்கும், வாய் ஓயாத ஆள். வண்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது வண்டியல்ல, கோயில் சுவர். நம்முடைய கோயில்களில் மின்விசிறிக்கும் குழல் விளக்குக்கும் உபயகாரரின் பெயர் எழுதுகிற பழக்கத்தை இந்த ஊரார் சில்லுகளின்மேல் ஏற்றிவிட்டார்கள். பின்கதவில் டயர் உபயம், சாரதி கதவில் பற்றறி உபயம், கண்ணாடியில் இருக்கை உறை உபயம். வலப்பக்க முன்சில்லுக்கு மேலான மட்காட்டில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிய மஞ்சள் எழுத்தில்: "வாகன உபயம். அமரர் வேலாப்போடி ஞாபகார்த்தமாக, மகன், சுவிஸ்." அதற்கு மேலே, கறுப்புக் குழாய் முன்கண்ணாடியின் ஓரமாகக் கூரை வரை நிமிர்ந்து நின்றது.

"எப்பிடி அக்கா, யானை தும்பிக்கையத் தூக்கின மாதிரி இரிக்கி என்ன?" என்றான் தவம்.

நான் சாரதி ஆசனத்தில் ஏறினேன். கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடியின் ஈச்சமர வரிசையைக் கடந்து, ஆரையம்பதிக்கு வந்தபோது ஏழரை. அங்கிருந்து மேற்கே திரும்பினால் மண்முனைப் பாலம், அதைத் தாண்டினால் படுவான்கரை. ஒரு கடையில் நிறுத்தி ஆளுக்கொரு பிளேன்ரீயும் இரண்டு துண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டோம். கிளிநொச்சியில் இதைவிட விலை குறைவு, சம்பலும் கூடத் தருவார்கள். வெளியே வந்ததும் பழக்கதோஷத்தில் வண்டியை இயக்கிவிட்டு, சில்லில் ஏறி நின்று, குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினேன்.

இதை ஏன் செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினும் மூச்சு வாங்குகிற சாமான்தான். சாதாரண வண்டி அந்தக் காற்றை முன்விளக்குக்குப் பின்னாலிருந்து இழுக்கும். தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறினால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. உள்ளே இருக்கிற தண்டுகள் வளைந்து எஞ்சின் அந்த இடத்திலேயே சாகும். மூச்சுக்குழாய் என்றால் மட்காட்டில் துளை வெட்டி, இழுக்கும் வழியைத் திருப்பிக் கூரைக்குக் கொண்டுபோவது. சரியாகப் பூட்டியிருந்தால், மேல்வாயைப் பொத்தியதும் எஞ்சின் திணறி நின்றுவிடவேண்டும்.

நிற்கவில்லை. என் உள்ளங்கையில் ஒரு இழுப்புக்கூட இல்லை. வண்டி நிம்மதியாக உறுமிக்கொண்டிருந்தது.

பொனற்றைத் திறந்தேன். எயார் கிளீனர் தன் பழைய இடத்தில், முன்விளக்குக்குப் பின்னாலிருந்தே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. குழாய் மட்காட்டின் வெளியே நாலு திருகாணியில் நின்றது. அதன் அடிவாயைச் சிலிக்கன் பூசி அழகாக மூடியிருந்தார்கள். மட்காட்டில் துளையே இல்லை.

"இது என்ன?" என்று கேட்டேன்.

தவம் மழையைப் பார்த்தான். "துளை வெட்டுற இடத்தில பேர் வருது அக்கா. வண்ணக்கர் பேரில கை வெக்க வேணாம் எண்டுட்டார்."

வண்ணக்கர் என்பது கோயில் நிர்வாகத்தின் தலைவர். ஊரே அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

"அப்ப இந்தக் குழாயை நம்பி நான் தண்ணிக்குள்ள இறங்கியிருந்தா?"

"அதுதானே நான் மாட்டன் எண்டனான்."

"மாட்டன் எண்டால் போதுமோ? ஏன் எண்டு வாயைத் திறந்து ஆருக்கும் சொன்னனியோ?" என்று கத்தினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தங்கை அந்தக் குழாயை நம்பித்தானே என்னைக் கூப்பிட்டாள்!

வண்டியைத் திருப்பிக் காத்தான்குடிக்கே விட்டேன். கராஜ் ஒரு குறுக்கு ஒழுங்கையில் இருந்தது. உரிமையாளர் றிஸ்வான் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். குழாயை நான் காட்டியதும் விஷயம் புரிந்துவிட்டது.

"வெட்டாமப் பூட்டினா வேலையில்ல எண்டு நான் சொன்னதான் தங்கச்சி. சுவிஸுக்குப் போட்டோ அனுப்பணும், இப்பைக்கிப் பூட்டித் தாங்க, மறுகாப் பாப்பம் எண்டாங்க. நான் என்ன செய்யிற?"

"போட்டோவில ஓடுற வண்டி செய்து குடுத்திருக்கிறியள் நானா. அக்கரையில ஒருத்தர் மூச்சு வாங்க ஏலாமல் இருக்கிறார். இப்ப வெட்டுங்கோ."

"வண்ணக்கர் சொல்லணுமே. நாளைக்கு ஊராக்கள் என்ட கராஜுக்கு முன்னால வந்து நிப்பாங்க."

வண்ணக்கருக்கு அழைத்தேன். அக்கரையில் தொடர்பு வந்து வந்து போனது. முதலில் சுகம் விசாரித்தார், பிறகு மழையை விசாரித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் குரல் இறுகிவிட்டது.

"வேலாப்போடிர பேரில வாள் வெக்கச் சொல்லி என்ட வாயால வராது மகள். மகன்காரனைக் கேக்கணும். அங்க இப்ப விடியப்புறம், நித்திரையா இருப்பான். எழும்பினதும் கேட்டுச் சொல்லுறன்."

"அவர் எழும்பி, முகம் கழுவி, கோப்பி குடிச்சு முடியுமட்டும் ராசன்ட ரத்தம் பொறுத்திருக்குமோ ஐயா?"

"ஒரு செத்தவண்ட பேர் புள்ள அது" என்றார். தொடர்பு அறுந்தது. அறுந்ததா, அறுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

செத்தவர் பெயருக்கு இவ்வளவு காவல். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒரு துளை வெட்ட ஆளில்லை. "வாளைத் தாங்கோ நானா, நானே வெட்டுறன்" என்று கையை நீட்டினேன்.

நானா என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "நீங்க கோணலா வெட்டிப் போடுவீங்க" என்று முணுமுணுத்துவிட்டு, துளைபோடும் இயந்திரத்தைத் தானே எடுத்தார். உள்தகட்டைக் கழற்றி அளவு பார்த்து, வட்ட வாளை நடுவில் வைத்தார். பெயரின் சரியான நடுப்பகுதி. தவம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மஞ்சள் பொடி பறந்தது. தகரத் துண்டு 'ணங்' என்று நிலத்தில் விழுந்தபோது, பெயரில் 'வேலா' மட்டும் ஒரு பக்கமும், கடைசி எழுத்து மறுபக்கமுமாக நின்றன.

பிறகு வேலை ஓடியது. பழைய வாயை அடைத்து, எயார் கிளீனரிலிருந்து புதுத் துளை வரை றப்பர் ஹோஸ் இழுத்து, ஒவ்வொரு பொருத்திலும் கிளிப் போட்டு இறுக்கினார். எல்லாம் முடிய, மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கும் சொல்லியாயிற்று. நான் மறுபடியும் சில்லில் ஏறிக் குழாய் வாயைப் பொத்தினேன். உள்ளங்கையைப் பிய்க்கிற மாதிரி ஒரு இழுவை. எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றது. ஒரு வண்டி நின்றுபோனதற்காக நான் கைதட்டிச் சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நானா கூலி வாங்க மறுத்தார். கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன்.

மண்முனைப் பாலத்தில் வாவி இரு பக்கமும் சாம்பல் நிறமாக விரிந்து கிடந்தது. கொக்கட்டிச்சோலையைத் தாண்டி ஏழெட்டுக் கிலோமீற்றர் போனதும் வீதி தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. இரு பக்கமும் வட்டை. இங்கே வயல்வெளியை அப்படிச் சொல்வார்கள். அன்று அது கடல். நடுவில் அந்த உழவு இயந்திரத்தின் தலை மட்டும் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: வீதியோரம் ஒரு சீமெந்து மேடையில் பளிங்குக் கல். பாலத்துக்கு அடிக்கல் நாட்டியவர்களின் பெயர்களாம். பாலம் வரவில்லை. ஆனால் கல்லை மட்டும் எந்த வெள்ளமும் மூடாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள். வெள்ளம் எவ்வளவு வரும் என்று கணக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அந்தக் கல்லை வைத்து வீதியின் ஓரத்தைக் கணித்தேன். அந்தப் பெரிய மனிதர்களால் ஊருக்குக் கிடைத்த ஒரே உபயோகம் அதுதான்.

சிறிய கியரில், நிறுத்தாமல், அவசரப்படாமல் இறக்கினேன். தண்ணீர் முன்விளக்கை மூடியது, பொனற்றில் ஏறியது. கதவிடுக்கால் வந்து எங்கள் கால்களை நனைத்தது. தவம் பிள்ளையாரைக் கூப்பிட்டான். கூரைப்பக்கமிருந்து 'உஸ்' என்று காற்று இழுபடும் சத்தம் விடாமல் கேட்டது. அந்தச் சத்தம் நின்றால் எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததால் நான் வேறெதையும் கேட்கவில்லை.

ராசன் வாசலில் கதிரையில் சாய்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது, கால்கள் தடித்திருந்தன. "வந்திட்டியளே மச்சாள்" என்று சொல்வதற்கே இரண்டு தடவை மூச்சு எடுத்தார். அவரைப் பின் இருக்கையில் வைத்து, சுபா ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, அதே தண்ணீரால் திரும்பினோம். வண்ணக்கர் அப்போது வெளியே வரவில்லை. இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். ராசனை உடனே உள்ளே எடுத்து ஒட்சிசன் வைத்தார்கள். மறுநாள் காலை இயந்திரத்தில் ஏற்றினார்கள்.

மத்தியானம் அது முடியப்போகிற நேரம்தான் என் தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு இலக்கம். வண்ணக்கரிடம் என் இலக்கம் வாங்கிய சுவிஸ் உபயகாரர். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் எடுத்தேன்.

"அக்கா, ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்திட்டாரா?" என்பதுதான் அவருடைய முதற் கேள்வி.

"சேந்திட்டார். உங்கட அப்பான்ட பேர்தான் நடுவில போயிட்டுது" என்றேன்.

"பேர் எழுதச் சொல்லி நான் கேக்கவே இல்ல அக்கா." என்றார். "அப்பாக்கு நெஞ்சு வலி வந்து உழவு மெஷின் பெட்டியில வெச்சிக் கொண்டு போகக்குள்ள, அந்தத் தண்ணிக்க மெஷின் நிண்டிட்டு. அங்கயே முடிஞ்சிட்டார். அதுக்குத்தான் வண்டி வாங்கிக் குடுத்த. குழாய் அனுப்பினதும் அதுக்குத்தான்."

தொலைபேசியை வைத்துவிட்டு ராசனைப் பார்க்க உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் முழங்காலளவுக்கு வடிந்திருந்தது. ராசனையும் சுபாவையும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து இருத்திவிட்டு, வண்டியை ஒப்படைக்க ஊருக்குப் போனேன். எங்கள் பக்கத்திலும் வெள்ளம் வரும், பெயர்க்கல்லும் உண்டு. நாங்கள் ஒன்றும் திறமில்லை. ஆனாலும் அந்த வீதியில் போகப்போக என் கோபம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

வண்ணக்கர் கோயில் வாசலில் நின்றார். மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டி. என்னோடு பேசாமல் வண்டியைச் சுற்றிவந்து, மட்காட்டில் மிஞ்சிய எழுத்துகளை விரலால் தடவினார். சுவிஸ்காரர் சொன்னதை ஒன்றும் விடாமல் நான் சொன்னேன்.

"எனக்குச் சொல்லுறியா மகள்?" என்றார். "அண்டைக்கு அந்தப் பெட்டியில அவண்ட தலைய மடியில வெச்சிக்கிட்டு இருந்தது நான்தான். மெஷின் நிண்டாப் பொறகு எவ்வளவு நேரம் கூப்பிட்டுப் பாத்தம், ஒருத்தரும் வரல்ல. அந்தப் பேரில எப்பிடி நான் வாள் வெக்க?"

அவர் கண் கலங்கியிருந்தது. என் வயதுக்கு நான் அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். முடியவில்லை.

"அப்ப, ஐயா, மற்றவை எல்லாருக்கும் முதல் உங்களுக்கெல்லோ வெட்டத் தோன்றியிருக்கவேணும்?" என்று கேட்டேன்.

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, தவத்தின் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் பஸ் பிடிக்க வந்துவிட்டேன். கேட்ட விதம் பிழை என்று தங்கை இன்னும் சொல்கிறாள். கேட்டது பிழை என்று அவளும் சொல்லவில்லை.