பலகைக்கு அடியில் ஒரு மூடி

கடையில் விற்கிற டூல்ஸ் பெட்டியை நான் என்றைக்கும் மதித்ததில்லை. ஒரு வாஷர் தேட மொத்தத்தையும் தரையில் கொட்ட வேண்டும். திருத்தணியில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் போர்வெல் மோட்டார் பழுது பார்க்கிறேன். என் சாமான்கள் எல்லாம் சமையலறை டப்பாக்களில்தான் இருக்கின்றன. எண்ணெய் கேனின் மேல்பக்கத்தை வெட்டி ஸ்பேனர்களை வைத்தேன். ஊறுகாய் பாட்டில் மூடிகளைப் பலகைக்கு அடியில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டு, பாட்டிலைக் கீழிருந்து திருகினால் போதும். நட்டும் போல்ட்டும் கண்ணெதிரே தொங்கும்.

என் மனைவிக்கு இது ஆகாது. அத்தை மகள், வாய் கொஞ்சம் நீளம். "பாவா, புளி டப்பா எங்க? புளியை உங்க தலையிலயா கொட்டி வெக்கறது?" என்று கொட்டகை வாசலில் நின்று கத்துவாள். நான் காது கேட்காதவன் மாதிரி சுத்தியலைத் தட்டுவேன்.

அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். அரக்கோணத்தில் ரயில் மாறி மாறிச் சென்னைக்கு அலைந்தோம். சத்து மாவைத் தினமும் கரைத்துக் குடிக்கட்டும், உடம்பில் தெம்பு வந்தால்தான் அடுத்த மருந்து ஏற்ற முடியும் என்றார் டாக்டர். அகல வாய் வைத்த பிளாஸ்டிக் டப்பா, கெட்டியான மூடி. காலையில் கரைத்து நீட்டுவேன். "வெச்சிட்டுப் போங்க, ஆறினதும் குடிக்கிறேன்" என்பாள். சாயங்காலம் வந்து பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

முதல் டப்பா தீர்ந்ததும் அவளே கழுவித் துடைத்து எடுத்துவந்தாள். "இந்தாங்க பாவா, முடிஞ்சிட்ச்சி. இதையும் மாட்டிக்கங்க." எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பலகையில் டப்பா கூடக் கூட அவள் உடம்பு தேறுகிறது என்றே நம்பினேன். கண்முன்னால் அவள் துரும்பாகிக்கொண்டிருந்தாள். நான் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி டப்பா பாதி இருக்கும்போதே மூடியைக் கழற்றிப் பலகையில் முடுக்கிவிட்டேன். "தட்டு போட்டு மூடி வெச்சிக்கோ. சீக்கிரம் காலி பண்ணு" என்றேன்.

"ஆங், பண்ணிடலாம்" என்று சிரித்தாள்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறிக்கொண்டிருந்த வாரத்தில் போய்விட்டாள். டப்பா அப்படியே இருந்தது.

எங்கள் பின்வாசலில் ஒரு வாளி உண்டு. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு மாட்டுக்கென்று அதில் ஊற்றி வைப்போம். காரியமெல்லாம் முடிந்து நானே சமைக்கத் தொடங்கிய பிறகு, வாளியை எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் தயங்கி நின்றாள்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க மாடு இப்பல்லாம் உங்க வூட்டுத் தண்ணியில வாயே வெக்க மாட்டேங்குது. அண்ணி படுத்துகினு இருந்தப்போகூட பால் மாதிரி வெள்ளையா, தித்திப்பா ஊத்தி வெச்சிருப்பாங்க. வாளியை நக்கிகினே நிக்கும்."

நான் கரைத்து வைத்தது அத்தனையும் அந்த வாளிக்குத்தான் போயிருக்கிறது. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு புளி டப்பாவுக்குத் தெருவே கேட்கக் கத்துகிறவள், தொண்டையில் இறங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? டப்பாவை மாட்டும்போது என் முகம் மலர்வதைப் பார்த்திருப்பாள். அதைக் கெடுக்க மனம் வந்திருக்காது, பாவி.

உள்ளே போய் அந்த அரை டப்பா மாவில் கொஞ்சம் கரைத்து ஒரு வாய் குடித்தேன். இத்தனை நாளில் நான் அதை ருசி பார்த்ததே இல்லை. குமட்டிக்கொண்டு வந்தது. மிச்சத்தையெல்லாம் மாட்டுக்குக் கரைத்து ஊற்றினேன். பிறகு டப்பாவை அவளைப் போலவே கழுவித் துடைத்து, பலகைக்கு அடியில் காத்துக்கொண்டிருந்த மூடியில் திருகினேன். அதில் இன்றுவரை ஒரு ஆணிகூடப் போடவில்லை.