மலாயில் உண்மை, ஜார்ஜியத்தில் பொய்

எங்கள் தெருவில் ஒரு பெண் ஜார்ஜியாவுக்கு டாக்டர் படிக்கப் போகிறாள். அவளுடைய அம்மா போன வாரம் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, அந்த ஊர்ப் பாஷ பல்லை ஒடைக்குமாமே? பேசாம மலேசியாவுக்கே அனுப்பிரலாமான்னு இவ அப்பா சொல்லுதாக. நீங்கதான் ரெண்டும் படிச்சவகளாச்சே, எது லேசு?" என்று கேட்டார். நான் படித்த லட்சணம் எனக்குத்தான் தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? அரை மணி நேரம் பாடம் நடத்திவிட்டேன்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி கொடுக்கும் கடையொன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். சரக்கோடு கப்பல் ஏறுகிறவன் நேராகப் போய் நிற்பது சமையலறையில். அங்கே இருந்த மலாய்க்காரர்களிடம் மலாய் பழகினேன். எஞ்சின் அறையிலிருந்து டீ குடிக்க வரும் ஜார்ஜியக்காரர்களிடம் ஜார்ஜியம். ஒரு நோட்டில் இடப்பக்கம் அது, வலப்பக்கம் இது என்று எழுதிவந்தேன். ஆர்வமுள்ளவர்களுக்குப் புத்தகமாகவே போட்டுவிடலாம் என்ற நினைப்பு வேறு. அந்த நினைப்பைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மலாய் யாரையும் பயமுறுத்தாது. நம் கப்பல் அங்கே 'காப்பால்', நம் கடை 'கெடாய்'. 'மாக்கான்' என்று ஒரு சொல் தெரிந்தால் போதும், சாப்பிட்டேன், சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன் எல்லாம் அதிலேயே நடக்கும். முடிந்துபோனதைச் சொல்ல முன்னால் ஒரு 'சுடா' போட்டுக்கொள்ளலாம். மனிதன் 'ஓராங்', மனிதர்கள் 'ஓராங்-ஓராங்'. முன்பின் தெரியாதவரையும் அண்ணன், அக்கா என்று முறை வைத்துக் கூப்பிடுவது நம்மைப் போலவே.

ஜார்ஜியத்தில் முப்பத்து மூன்று எழுத்து. பார்க்க ஜாங்கிரி பிழிந்தது போல் அழகாக இருக்கும், வாயில் போட்டால்தான் சங்கதி தெரியும். 'உரிக்கிறேன்' என்பதற்கு 'வ்ப்ர்த்ஸ்க்வ்னி' என்பார்கள். வெங்காய மூட்டையோடு போன எனக்கு அதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்து, நான் திணறுவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசம் நம்மைப் போல் அவர்களுக்கும் உண்டு. அவன், அவள் என்ற வித்தியாசம் மட்டும் இரண்டு மொழியிலும் கிடையாது.

அந்த அம்மா திருப்தியாகப் போனார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள சொற்கள் எப்படி வந்தன என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒருநாள் மத்தியானம் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஆள் கடைக்கு ஓடி வந்தார். ஒரு கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஜார்ஜியக்காரருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஆங்கிலம் 'யெஸ், நோ'வோடு சரி. "ஒங்களுக்குத்தான் அந்தப் பாஷ தெரியுமே அண்ணாச்சி, வந்து ரெண்டு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

வார்டு வாசலில் டாக்டர் தெளிவாகச் சொன்னார். "ஹார்ட் ரொம்ப மோசம். எப்ப வேணும்னாலும் எதுவும் நடக்கலாம். வீட்டோட பேசணும்னா இப்பவே பேசச் சொல்லுங்க."

கூட வந்திருந்த கப்பல் சமையல்காரர் மலாய்க்காரர், எனக்குப் பழக்கமானவர். அவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மலாயில் சொன்னேன். "அவருக்கு ஒரே மகள். பேசட்டும், சீக்கிரம் சொல்" என்றார்.

உள்ளே போனேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்ததும் சிரித்தார், வெங்காயக்காரன் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்குப் புரியவேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். மகளுக்குப் பரீட்சை நடக்கிறது. இது பெரிய விஷயம் என்றால் இப்போதே கூப்பிடுகிறேன். சின்ன விஷயம் என்றால் பரீட்சை முடியட்டும், அவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும்? டாக்டர் என்ன சொன்னார்?

எங்கள் பக்கத்தில் சீக்காளியிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. சொந்தக்காரர்களை வெளியே கூப்பிட்டுச் சொல்வோம், கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சிரிப்போம். என் அப்பா ஆறு மாதம் படுத்துக் கிடந்தபோது, "ஒண்ணுமில்லப்பா, வாய்வுதான்" என்று சொல்லிச் சொல்லியே அனுப்பிவைத்தோம். வெற்றிலைக் கடைக்காரர் வரைக்கும் தெரிந்த நோய் அவருக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கும் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. சாவு, மகள், இப்போதே என்ற மூன்றும் என் நோட்டில் இருந்தன. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"அராஃபேரியா" என்றேன். ஒன்றுமில்லை.

"மார்த்லா?" என்று கேட்டார். நிஜமாகவா?

"மார்த்லா."

அவர் பெருமூச்சு விட்டுத் தலையணையில் சாய்ந்தார். பக்கத்தில் கிடந்த போனைத் தள்ளி வைத்தார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

வெளியே வந்தால் சமையல்காரர், "சுடா?" என்றார். சொல்லியாயிற்றா?

"சுடா" என்றேன். அவர் என்னை நம்பி, ராத்திரிச் சமையலைக் கவனிக்கக் கப்பலுக்குத் திரும்பினார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நல்ல காரியம் செஞ்சீக. சாகப்போற மனுசன்கிட்ட அதப் போயி சொல்லுவாகளா?" என்றாள். கடை முதலாளியும் அதையேதான் சொன்னார். இன்று வரை இந்த ஊரில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

மறுநாள் விடியும்போது அவர் இறந்துவிட்டார்.

பத்து மணிக்கு ஏஜெண்ட் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். மகளுக்குத் தகவல் போய்விட்டது, அவள் லைனில் இருக்கிறாள், அவள் பாஷையில் ஆறுதலாக ஏதாவது சொல்லுங்கள் என்று போனைக் கையில் திணித்தார்கள். சமையல்காரரும் அங்கே நின்றிருந்தார். அப்பா மகளைக் கூப்பிடவே இல்லை என்பது அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண் அழவில்லை. அப்பாவைப் போலவே ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள். நேற்று அப்பாவுக்கு நினைவு இருந்ததா? பேச முடிந்ததா? என்னை ஏன் கூப்பிடவில்லை?

உண்மையைச் சொன்னால், அப்பா கூப்பிட்டிருக்கலாமே என்று காலமெல்லாம் நினைத்து வெந்துபோவாள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

"அரா" என்றேன். இல்லை. நினைவு இல்லை, பேச முடியவில்லை.



"மார்த்லா?" என்றாள்.

"மார்த்லா" என்றேன்.