அடுத்த ஞாயிறு

விரல் மட்டும் அசையக்கூடிய ஒரு மனிதரை, அவராக நிறுத்த முடியாத மின்விசிறிக்குக் கீழே, ஏறக்குறைய இரண்டு வருடம் மறந்திருந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். நினைவிருந்தது, போகவில்லை.

பாலிடெக்னிக் வேலையை விட்டபின் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தனியாளாக மென்பொருள் எழுதிக் கொடுத்துவந்தேன். அப்படிப் போன ஒரு கம்பெனியில் பண்டல் ஏற்றுபவர் மாடியிலிருந்து விழுந்து, கழுத்தில் அடிபட்டுப் படுக்கையாகிவிட்டார். தெற்கேயிருந்து பிழைக்க வந்த குடும்பம். மண்ணரைப் பகுதியில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. மனைவி அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைப்பவர். காலையில் போனால் இரவுதான் திரும்புவார். நடுவில் பக்கத்து வீட்டம்மா ஒருமுறை வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போவார்.

யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் முன்வந்தேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டிலருகே வைத்து, ஒரு சுவிட்ச் பெட்டி வழியாக விசிறிக்கும் விளக்குக்கும் இணைத்து, மவுஸை அவர் விரலுக்கடியில் பொருத்தினேன். ஒருமுறை அழுத்தினால் விசிறி, இருமுறை அழுத்தினால் விளக்கு. முதல் நாள் அவர் விசிறியை நிறுத்துவதும் போடுவதுமாகவே இருந்தார். போகிற கம்பெனியிலெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டரை யாராவது திரும்ப ஓடவிட வேண்டும். மின்வெட்டில்லாத நாளே அப்போது கிடையாது. அடுத்த ஞாயிறு வந்து சரிசெய்கிறேன் என்றேன். அந்த வாரமே ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் வேலை வந்தது. அதன்பின் எல்லா ஞாயிறும் ஏதோ வேலை இருந்தது. அவர் மனைவி எதிரே வந்தால் வேறு வாசல் வழியாகப் போய்விடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் கம்பெனிப் படிக்கட்டில் அவர் மனைவியிடம் மாட்டிக்கொண்டேன். அந்தம்மா திட்டவில்லை.

“காலையில வானத்தப் பாத்துதான் சார் ஃபேனப் போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுதேன். நேத்து தப்பாப் போச்சு. பக்கத்து வீட்டக்கா வந்துட்டுப் போன பொறவு மழை. ராத்திரி வந்து தொட்டா ஆளு சில்லுன்னு கெடக்காரு.”

“இந்த வாரமே வந்தர்றனுங்க” என்றேன்.

அந்த ஞாயிறு போனபோது, கட்டிலில் கிடந்தபடியே அவர் வரவேற்றார்.

“வாங்க சார். அடுத்த ஞாயித்துக்கெழம வந்துட்டா?”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நான் பொருத்திய பெட்டிக்குள் பஞ்சுத்தூசி அடைத்திருந்தது. நான் எழுதிய நிரலே எனக்குப் புரியவில்லை. எதற்கு எது என்று ஒரு வரி விளக்கம்கூட எழுதி வைத்திருக்கவில்லை. கண்ணும் இடுப்பும் வலிக்க, பல வாரம் அங்கே உட்கார்ந்தேன். கடைசியில் அவர் விரலடியிலிருந்த மவுஸை மட்டும் விட்டுவைத்து, கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கரண்ட் வந்ததும் தானே ஓடத் தொடங்கும் ஒரு சிறிய சிப்பில் முதலிலிருந்து எழுதினேன். வேலை செய்தது.

அதன்பிறகும் ஞாயிறுதோறும் மாலையில் போனேன். சரிபார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து என் வருத்தங்களைப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வேறெங்கும் போக முடியாதவர்.

ஒரு ஞாயிறு பேச்சின் நடுவில் விளக்கு அணைந்தது. மின்வெட்டு என்று நினைத்தேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது; விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மறுபடி அணைந்தது.

“அவுகளுக்கு ஒறக்கம் வருது போல சார்” என்றார் மனைவி, அடுப்படியிலிருந்து.

இருட்டில் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டேன். தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.