புளியும் கம்பி நாரும் வைத்த பரீட்சை

காலெலும்பு முறிந்தால் டாக்டர்கள் உள்ளே ஒரு ஸ்டீல் பிளேட் வைத்துத் திருகுவார்கள் இல்லையா, அதன் மேல் பூசும் மெல்லிய பாலிமர் பூச்சு உடம்புக்குள் எத்தனை நாள் உரியாமல் தாங்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. முதல் இரண்டு பூச்சும் என் மானத்தை வாங்கின. வெயிலில் கன்றிய தோல் மாதிரி உரிந்து வந்தன. மூன்றாவதும் உரிந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதைப் பூசிய எட்டு பிளேட்டை ஆறு மாதம் உடம்புச் சூட்டில் உப்புநீரில் ஊறப்போட்டு, தேனியில் கரண்ட் போகும்போதெல்லாம் ஜெனரேட்டரைப் போட ஓடியிருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதில் நாலை மட்டும் எடுத்து மேஜையில் காயவைத்தேன். சோதனையை லீவு முடிந்து செய்துகொள்ளலாம் என்று ஜெயமங்கலம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் நாலும் பளபளவென்று மின்னின. லேப் கூட்டும் அக்கா சிரித்த முகமாக நின்றார்.

"பூசையில எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன் ஆத்தா, இதுக்கும் வச்சேன். காஞ்சு கெட்டியாப் பிடிச்சிருச்சு. அதான் புளியப் போட்டு, கம்பி நாரால நல்லாத் தேச்சு வச்சிருக்கேன்."

"அய்யோ, என் குடியக் கெடுத்துட்டீங்களே அக்கா!"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அக்கா முகம் சுருங்கி, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

போனது போகட்டும் என்று ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கீறல்கள் இருந்தன, பூச்சு எங்கும் விட்டிருக்கவில்லை. கூர்கத்தியால் பூச்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, டேப்பை ஒட்டிப் பட்டென்று இழுத்தேன். ஒரு கட்டம்கூட டேப்போடு வரவில்லை! நாலிலும் வரவில்லை!

வராந்தாவுக்கு ஓடி, அக்காவைத் துடைப்பத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். "மன்னிச்சிருங்கக்கா. நீங்க அந்தத் தேய் தேச்சும் உரியல!"

"இப்பத்தான் வஞ்ச, அதுக்குள்ள கட்டிப்பிடிக்கிற. கிறுக்குப் புள்ள!" என்று சிரித்தார். இது எதற்கு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். சேலையைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே நீளமாக ஓடிய தழும்பைக் காட்டினார்.

"ஏலக்காத் தோட்டத்துக்குப் போன ஜீப்பு கவுந்தப்ப எனக்கும் உள்ள பிளேட்டு வச்சாக."

எனக்கு இருந்த சந்தோஷத்தில், வாங்க டீ குடிக்கலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா வரவில்லை. நேரே லேபுக்குள் போய் உப்புநீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் நாலு கெடக்குல்ல?"

"இதுவே தாங்கிருச்சேக்கா. போதும்."

"ஒனக்குப் போதும் ஆத்தா. காலுக்குள்ள வச்சு நடக்கிறவுகளுக்கு?" முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினார். "அதுல ஒண்ணக் கொண்டா. இன்னும் அழுத்தித் தேச்சுப் பாப்போம்."